பிலோமினா, பிரசென்ட் டீச்சர்

எதிர் ஃப்ளாட்டுக் குழந்தைக்கு இப்போது டீச்சர் விளையாட்டு. இன்று காலை வராந்தாவில் செருப்புகளை வரிசையாக வைத்து ஒவ்வொன்றாகப் பெயர் கூப்பிட்டாள். செருப்பு எங்கே வாய் திறக்கும்? பேப்பர் படித்துக்கொண்டிருந்த நான் பாவம் பார்த்து "பிரசென்ட் டீச்சர்" என்றேன். "அடுத்தவங்களுக்காக நீங்க சொல்லக் கூடாது!" என்று கண்டித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எழுபது வருஷத்துக்கு முன்னால் இதே குற்றத்துக்காகப் பெஞ்சின் மேல் ஏறி நின்றவள் நான்.

அப்போது மயிலாப்பூரில் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் நாலாம் கிளாஸ் படித்துக்கொண்டிருந்தேன். அந்த வகுப்பை நினைத்தால் முதலில் வருவது கோவை இலை வாசனைதான். ஸ்லேட்டைத் துடைத்துக் கறுப்பாக்க அந்த இலைதான் வேண்டும். அதற்காக மந்தைவெளி வேலிகளை எல்லாம் மொட்டையடித்தோம். யார் ஸ்லேட் அதிகக் கறுப்பு என்று தினம் போட்டி. படிப்பில் எனக்குப் போட்டியே கிடையாது. கடைசி இடம் எனக்கென்றே எழுதி வைத்தது.

அந்த வருஷம் சாந்தோமிலிருந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள் பிலோமினா. அவளுக்குத் திக்குவாய். முதல் நாள் டீச்சர் பெயர் கூப்பிட்டதும் எழுந்து "பி... பி..." என்று நின்றாள். வகுப்பு கொல்லென்று சிரித்தது. அதிலும் உரக்கச் சிரித்தது நான்தான். இப்போது சொல்லக் கூசுகிறது, ஆனாலும் சொல்லத்தானே வேண்டும். மறுநாளிலிருந்து அவள் வகுப்பில் வாயே திறக்கவில்லை.

ரெஜினா டீச்சர் கெட்டவரல்ல. ரிஜிஸ்டரை விட்டுத் தலை நிமிராதவர், அவ்வளவுதான். குரல் வந்தால் பிரசென்ட், வராவிட்டால் ஆப்சென்ட். ஆள் குத்துக்கல்லாட்டம் எதிரே உட்கார்ந்திருந்தாலும் சரி. மூன்று ஆப்சென்ட் சேர்ந்தால் வீட்டுக்கு லெட்டர் போய்விடும்.

ஒரு மத்தியானம் பிலோமினா சாப்பிடாமல் அழுதுகொண்டிருந்தாள். கேட்டுக் கேட்டுத்தான் வார்த்தை வந்தது. "லெ... லெட்டர் வந்துச்சி. நான் பீச்சுல சுத்திக்கினு கீறேனாம். இ... இன்னொண்ணு வந்தா இஸ்கூலே வாணாம்னு நைனா சொல்லிட்டாரு."

நான் சிரித்த சிரிப்பு இவள் படிப்புக்கே உலை வைத்துவிட்டதே!

மறுநாள் அவள் பெயர் வந்ததும், குரலை மெலிதாக்கி "பிரசென்ட் டீச்சர்" என்றேன். டீச்சர் தலை நிமிரவில்லை. அன்று முதல் அது என் உத்தியோகமாயிற்று. ஒருத்திகூடக் காட்டிக்கொடுக்கவில்லை. எனக்குச் சளி பிடித்தபோது பின் பெஞ்சு நூர்ஜஹான் அந்த வேலையைப் பார்த்தாள். அன்று மட்டும் பிலோமினாவின் குரல் கொஞ்சம் கட்டையாக இருந்தது.

பிறகு பிலோமினா தட்டம்மையில் படுத்தாள். அவள் பெயர் வந்தது. பழக்க தோஷம், "பிரசென்ட் டீச்சர்" என்று சொல்லிவிட்டேன். பேனாவில் மசி தீர்ந்து, டீச்சர் தலை நிமிர்ந்த நேரமாகப் பார்த்தா சொல்ல வேண்டும்! என் பக்கத்து இடம் காலியாக இருந்தது.

"ஏறு பெஞ்சு மேல. எத்தனை நாளா நடக்குது இது?"

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "அவ தெனம் வந்துண்டுதான் இருந்தா டீச்சர். நாங்க சிரிச்சோம், அதான் வாயைத் தெறக்கறதில்லே. அவாத்துக்கு லெட்டர் மட்டும் போட்டுடாதீங்கோ."

யாரும் சொல்லாமலே நூர்ஜஹானும் பெஞ்சின் மேல் ஏறினாள். "நானும் ஒரு நாள் சொன்னேன் டீச்சர்."

அடித்தல் திருத்தல் கூடாது என்று எங்களுக்கு நூறு தடவை சொன்ன டீச்சர், ரிஜிஸ்டரைப் பின்னால் புரட்டி, சிவப்பு மசியால் பிலோமினாவின் ஆப்சென்ட்டை எல்லாம் ஒவ்வொன்றாக அடித்துத் திருத்தினார். பெஞ்சின் மேல் நின்றதால் எனக்கு நன்றாகத் தெரிந்தது. அன்று சாயங்காலம் சாந்தோமுக்கு நடந்தே போய் அவள் நைனாவிடமும் பேசிவிட்டு வந்தாராம்.

பிலோமினா திரும்பியபோது வகுப்பில் புது வழக்கம் வந்திருந்தது. பெயர் கூப்பிட்டால் யாரும் பேசக் கூடாது, விரல் முட்டியால் ஸ்லேட்டில் இரண்டு தட்டு. முப்பது ஸ்லேட்! தச்சு வேலை நடக்கிறதா என்று பக்கத்து வகுப்பு டீச்சர் வந்து எட்டிப் பார்த்தார்.

பரீட்சைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு நாள், ஸ்லேட் உடைந்து வெறுங்கையோடு வந்தாள் பிலோமினா. அவள் பெயர் வந்ததும் அவளுக்காக நான் தட்டப் போனேன். என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "பி... பி... பி..." எவ்வளவு நேரமாயிற்றோ தெரியாது. ஒருத்திகூடச் சிரிக்கவில்லை. டீச்சர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "பிரசென்ட் டீச்சர்!" அன்று எனக்கு வந்த சந்தோஷம் நான் பாஸானபோதுகூட வரவில்லை. நான் பாஸானதே ஆச்சரியம், அது வேறு கதை.

அந்தப் பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் இன்று நாலு மாடிக் கட்டடம் நிற்கிறது. கோவைக் கொடி படர்ந்த வேலிகள் போயின, ஸ்லேட்டும் போயிற்று. போன மாதம் பிலோமினாவும் போய்விட்டாள். அவளுக்காகச் சர்ச்சில் நடந்த பூசையில் பாதிரியார் அவள் முழுப் பெயரையும் சொன்னார். என் வாய் தானாகத் திறந்து "பிரசென்ட்" என்றது. முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் கையைப் பிடித்து நிறுத்தத்தான் பக்கத்தில் அவள் இல்லை.