படத்தை மெதுவாக ஓட்டச் சொன்னவர்

கல்முனையில் எனது ஊடக வகுப்பறைக்கு ஃபேன் திருத்த ஒருவர் வந்தார்; அண்ணன் வயது, காக்கா என்றே கூப்பிட்டேன். ஸ்குரூ ஆணிகளை உதட்டில் கவ்வியிருந்தார். பேசுவதென்றால் ஒவ்வொன்றாக உள்ளங்கையில் எடுத்துவைப்பார். நான் ஆரம்பகால ஊமைப்படமொன்றைக் காட்டிக்கொண்டிருந்தேன். அதில் ஆட்கள் விறுவிறென்று நடக்க, பிள்ளைகள் சிரித்தார்கள்.

"டீச்சர், கொஞ்சம் மெதுவா ஓட்டுங்க" என்றார் ஏணியிலிருந்து. மூன்றாம் தரமும் சொன்னபோது எனக்கு எரிச்சல் தாங்கவில்லை.

"காக்கா, நீங்க உங்கட வேலையப் பாருங்க."

மறுபடியும் ஆணிகளை எடுத்தார். "மனிசர் இப்பிடி நடக்கமாட்டாங்க, டீச்சர். மௌத்தாப் போனவங்களப் பாத்து புள்ளைகள் சிரிக்குதுகள்."

அந்தப் படத்திலிருந்தவர்கள் எல்லோரும் இறந்து எவ்வளவோ காலம். வேண்டாவெறுப்பாக வேகத்தைக் குறைத்தேன். ஒரு பெண் நிதானமாக நடந்துவந்து தோழியிடம் ஏதோ சொன்னாள். வகுப்பில் சிரிப்பு நின்றது.

அந்நாளில் கமராவைக் கையால் சுற்றி எடுத்த படங்களை இப்போது எடுத்ததைவிட வேகமாக ஓட்டுகிறோம் என்று வருடாவருடம் படிப்பிப்பவள் நான். ஒருதரமாவது மெதுவாக ஓட்டிப் பார்த்ததில்லை.