வேகப்பந்து வீச்சாளரின் ஸ்கேனும் தவம் அண்ணாவும்

அவர் உள்ளே வருவதற்கு முன்பே அந்த வாசனை வந்துவிட்டது. தசைவலிக்கு அடிக்கிற ஸ்ப்ரே... மூக்கைக் குத்துகிற புதினாக் குளிர்ச்சி.

துபாயில் நான் எம்.ஆர்.ஐ. டெக்னீஷியனாகச் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகாத சமயம். அப்போதெல்லாம் இங்கே வெள்ளிக்கிழமைதான் லீவு. அன்று மதியம் மேனேஜர் போன் செய்து உடனே வரச் சொன்னார். யாருக்கு ஸ்கேன் என்று சொல்லவில்லை.

போய்ப் பார்த்தால் சென்டரில் பாதி லைட்தான் எரிந்தது. டாக்டர், மேனேஜர், நான், ரிசப்ஷனில் தவம் அண்ணா. நாலே பேர். தவம் அண்ணா யாழ்ப்பாணத்துக்காரர். தினமும் பதினோரு மணிக்கு அவரும் நானும் ஒரே மேசையில் டீ குடிப்போம்.

பின்வாசல் வழியாக வந்தவர், ஒரு தொடருக்காகத் துபாய் வந்திருந்த இந்திய அணியின் வேகப்பந்து வீச்சாளர். பெயர் வேண்டாமே... அவர் ஓடிவர ஆரம்பித்தால் எங்கள் வீட்டில் டிவிக்குக் குறுக்கே யாரும் போகக்கூடாது, அப்படி ஒருவர்.

என்ன உயரம்! படுக்கவைத்தால் பாதங்கள் மேசையைத் தாண்டி நீட்டிக்கொண்டு நின்றன. அந்தக் குழாய்க்குள் போக அவருக்குப் பயம். நடுநடுவே பேசிக்கொண்டே இருங்கள் என்று ஹிந்தியில் கேட்டுக்கொண்டார். பேட்ஸ்மேன்களை நடுங்கவைத்தவரிடம், "இன்னும் நாலு நிமிஷம் சார்... இன்னும் மூணு நிமிஷம்..." என்று என் அரைகுறை ஹிந்தியில் மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

திரையில் கீழ் முதுகெலும்பின் ஒரு பக்கம் வெள்ளையாக ஒளிர்ந்தது. எலும்பில் விரிசல். பந்து போடும் ஒவ்வொரு முறையும் அந்த உடம்பு முன்காலில் தடாலென்று இறங்கியதன் பலன். டாக்டர் பார்ப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

எழுந்து உட்கார்ந்தவர் என் முகத்தையே பார்த்தார். நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன்.

குனிய முடியாமல் அவர் ஷூவோடு போராடியபோது, தவம் அண்ணாதான் தரையில் உட்கார்ந்து லேஸ் கட்டிவிட்டார்.

மறுநாள் காலை ஒரு இணையதளத்தில் செய்தி வந்துவிட்டது. முதுகில் விரிசல், தொடரில் இருந்து விலகல், இனி எப்போது ஆடுவாரோ... அணி வாயைத் திறப்பதற்கு முன்பே!

மேனேஜர் எங்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். "நாலு பேர்ல ஒருத்தர் சொல்லியிருக்கீங்க. வேலை மட்டும் இல்ல, விசாவும் போயிடும்" என்றார். வெளியே யாரிடமும், வீட்டில்கூட, இந்த விசாரணையைப் பற்றிப் பேசக்கூடாது என்றும் சொன்னார்.

அன்றிலிருந்து யாரும் யாரையும் நேராகப் பார்க்கவில்லை. டாக்டர் புது கார் வாங்கியது உறுத்தியது. மேனேஜர் ஏன் இவ்வளவு சத்தம் போடுகிறார் என்று தோன்றியது. எல்லாவற்றையும் விட, ஸ்கேன் நடந்தபோது தவம் அண்ணா இரண்டு தடவை மாடிப்படிப் பக்கம் போய்க் குரலைத் தாழ்த்தி போனில் பேசியது... கண்ணாடி வழியாக நான் பார்த்திருந்தேன்.

மேனேஜர் இரண்டாவது முறை கூப்பிட்டுக் கேட்டபோது அதைச் சொல்லிவிட்டேன். பார்த்ததைத்தானே சொன்னேன்?

அடுத்த மாதம் தவம் அண்ணாவின் கான்ட்ராக்ட் புதுப்பிக்கப்படவில்லை. கடைசி நாள், மேசை டிராயரைக் காலிசெய்துகொண்டே கேட்டார்.

"தங்கச்சி, நீங்களும் அப்பிடித்தான் நினைக்கிறியளோ?"

அடுத்த பேஷன்ட் வந்தாச்சு என்று நான் ஸ்கேன் ரூமுக்குள் போய்விட்டேன்.

ஏழெட்டு மாதம் கழித்து, துபாயிலேயே கராமா பக்கம் ஒரு நண்பர் வீட்டுச் சாப்பாடு. ஆண்கள் வழக்கம்போல கிரிக்கெட்டில் இறங்கினார்கள். என் கணவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"எங்க வாட்ஸ்அப் குரூப்ல ஃபேன்டஸி டீம் போடுவோம்ல... நான் அந்த பவுலரைத்தான் கேப்டனா போட்டேன். அப்ப இவ ஹேண்ட்பேக்கைக் கூடக் கீழ வைக்கல, 'அவரை எடுக்காதீங்க'ன்னா. ஸ்கேன் சென்டர்ல இருந்து வந்தவ சொன்னா சும்மா இருக்குமா? குரூப்ல போட்டேன், முதுகா இருக்கும்னு. அதுல இருக்கிற நம்ம செந்திலோட மச்சான் நியூஸ் சைட்லதான இருக்கான்... மறுநாளே வந்துடுச்சு பாருங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். என் கையில் இருந்த சோறு வாய்க்குப் போகவில்லை.

நான் அப்படிச் சொன்னேனா? சொல்லியிருக்கிறேன். மூச்சு விடுவதுபோல வந்து விழுந்திருக்கிறது, எனக்கு நினைவே இல்லை.

மறுநாள் மேனேஜரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். எழுந்து கதவைச் சாத்தினார். பிறகு, "கலாஸ். முடிஞ்சது முடிஞ்சது. போய் வேலையைப் பாரு" என்றார். அவருக்கும் அதைத் திரும்பத் தோண்ட விருப்பமில்லை. அது எனக்கு வசதியாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

தவம் அண்ணாவின் நம்பரைத் தேடிப் பிடித்தேன். தோஹாவில், நஜ்மா என்கிற ஏரியாவில் ஒரு மருந்துக்கடையில் இருந்தார். அழுதுகொண்டே சொல்லி முடித்தேன். மறுபக்கம் யாரோ மாத்திரை கேட்கிற சத்தம். எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து பேசினார்.

"உங்களைப் பற்றியும் என்னட்டைக் கேட்டவை, தங்கச்சி. அந்தப் பிள்ளை வாய் திறக்காது எண்டு சொன்னனான்."

மறுபடி யாரோ அவரைக் கூப்பிடுகிற சத்தம்.

"சரி, வையுங்கோ. கடையில ஆக்கள் நிக்கினம்."

மாடிப்படியில் யாரிடம் பேசினீர்கள் என்று நான் கேட்கவில்லை. எந்த முகத்தோடு கேட்பது?

அந்த பவுலர் ஒரு வருடத்துக்கு மேல் கழித்துத் திரும்பி வந்தார். ஓட்டத்தைக் குறைத்து, ஆக்‌ஷனை மாற்றி... விக்கெட் எடுத்தார், ஆனால் பழைய வேகம் வரவில்லை. போன வாரம் ஓய்வை அறிவித்துவிட்டார். என் டைம்லைன் முழுக்க அவர் படம்தான்.

இப்போது வெள்ளிக்கிழமை எனக்கு டியூட்டி. வீட்டுக்கு வந்தால், "இன்னைக்கு யாரும்மா வந்தாங்க?" என்று என் கணவர் விளையாட்டாகக் கேட்பார். முதலில் ஹேண்ட்பேக்கைக் கீழே வைப்பேன். தண்ணீர் குடிப்பேன். "ஒரே கூட்டம்" என்று மட்டும் சொல்வேன்.

ஒவ்வொரு பொங்கலுக்கும் தவம் அண்ணாவுக்கு வாழ்த்து அனுப்புகிறேன். அன்று ஒரே பிளாஸ்க்கில் இருந்து டீ ஊற்றிக்கொண்டு ஊர்க்கதை பேசிய மனிதர்... இன்று இரண்டு நீல டிக் மட்டும் வரும். படித்துவிட்டார் என்று தெரியும். அதற்கு மேல் எதிர்பார்க்க எனக்கு உரிமை இல்லை.