பில்டரில் இருந்த பொட்டு

மஹய்யாவையில் எங்கள் பிழைப்பே ஒரு மரக்கறி லொறிதான். அதற்கு எஞ்சின் எண்ணெய் மாற்றுவது என் மகன் செல்வம். போன ஆயுத பூசைக்கு எண்ணெய் பில்டருக்கும் என் கையால் சந்தனப் பொட்டு வைத்தேன்.

அடுத்த முறை எண்ணெய் மாற்றும்போது அவனுக்குப் பெரிய மனுஷன் ஆசை வந்துவிட்டது. லொறி விற்ற கம்பனிக்கே கொண்டுபோனோம். கண்ணாடி அறையில் ஏசிக் குளிரில் உட்கார வைத்து, தேத்தண்ணி கொடுத்தார்கள். டை கட்டிய ஒருவன் கடுதாசியை நீட்டினான்.

"எண்ணெய், பில்டர் எல்லாம் புதுசும்மா."

நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள். கடுதாசியை விட்டுவிட்டு லொறிக்கு அடியில் குனிந்து பார்த்தேன். என் பொட்டு அப்படியே இருந்தது.

"ஏன் தம்பி, புது பில்டருக்கு நீங்களே பொட்டும் வச்சிட்டீங்களா?"

செல்வம் எஞ்சினிலிருந்து எண்ணெய் அளவுக் கம்பியை இழுத்தான். எண்ணெய் கரியாக இருந்தது. அந்தப் பழைய எண்ணெயோடு மறுநாள் நுவரெலியா ஏற்றம் ஏறியிருந்தால் எஞ்சின் இறுகி, பிழைப்பும் நடுவழியில் நின்றிருக்கும்.

இப்போது செல்வம் பழையபடி வாசலில் படுத்துத்தான் எண்ணெய் மாற்றுகிறான். கழற்றிய பில்டரை என் கண்ணில் காட்டிய பிறகே புதியதற்குப் பொட்டு வைக்கிறேன். கண்ணாடி அறையில் உட்கார ஆசைப்படுகிறவர்கள் தாராளமாகப் போங்கள். வரும்போது ஒருமுறை குனிந்து பாருங்கள், டை கட்டியவனுக்கு முன்னால் வெட்கமென்ன?