மாடசாமி தேய்த்த கல்

பயந்தாங்கொள்ளி என்றால் மாடசாமிக்குக் கோபம் வரும். துரையின் மோட்டார் சத்தம் கேட்டாலே சட்டைப் பொத்தானைத் தேடுகிறவனை வேறு என்னவென்று சொல்வது? ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருபது வருஷம் மருந்து தெளித்தான். கால் ஒடிந்ததும் ஸ்டோருக்குக் காவல் போட்டார்கள்.

மனைவி செல்லத்துக்கு இருதயக் கோளாறு. அடிக்கடி கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மலை இறங்கி ஏறியே அவள் பாதி செத்திருந்தாள்.

1983-இல் ஹரோல்ட் வந்தார். தோட்டத்தில் கணக்கெழுதிய பழைய கிராணியின் மகன், இப்போது பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர். இலையில் சேர்ந்திருக்கும் இன்றைய காற்றை அளக்கத் தேயிலைக் கொழுந்து சேகரிக்க வந்தவர், ஈப்போப் பக்கத்துச் சுண்ணாம்புக் குகையில் அறுத்தெடுத்த கூம்புக் கல்லை ஸ்டோரில் வைத்தார்.

"சொட்டுற தண்ணி ஏடு ஏடாப் படிஞ்சு வளர்ந்த கல்லுண்ணே. ஒவ்வொரு ஏடும் அந்தக் காலத்துக் காத்தோட கரியைப் பிடிச்சு வச்சிருக்கு. அந்தக் கரியில கதிர்வீச்சு எவ்வளவுன்னு அளந்தா, ஆயிரம் வருசத்துக் காத்தையும் கண்டுபிடிக்கலாம். மேல்தோலு மட்டும் போன முப்பது வருசம். அணுகுண்டு வெடிச்சுக் காத்து மாறுன கணக்கு நமக்குத் தெரியும்ல, அதை வச்சுத்தான் உள்ள இருக்கறதைச் சரிபார்க்கணும். ஒரு வாரம் பாத்துக்குங்க. அப்புறம் கோலாலம்பூர்ல எங்க லேப்ல உங்களுக்கு வேலை, தங்க வீடு."

மாடசாமி அழுதேவிட்டான். செல்லம் பிழைத்துக்கொள்வாள்.

ஆறாம் நாள் சோறு கொண்டுவந்த செல்லம், கல்லைச் சிவனாகவே கண்டாள். அவன் கை கழுவப் போன நேரத்தில் பாலும் எண்ணெயும் ஊற்றிக் குங்குமம் வைத்துவிட்டாள்.

"அறிவிருக்கா உனக்கு?"

"அந்த வேலை கெடைக்கணும்னுதாங்க வேண்டிக்கிட்டேன்."

மறுநாள் காலையில் ஹரோல்ட் வருவார். மாடசாமி கல்லைத் துடைத்துப் பார்த்தான், குங்குமக் கறை போகவில்லை. பித்தளைக் கறைக்கு வீட்டில் என்ன செய்வார்கள்? புளியைக் கரைத்துத் தகர வாளியில் கல்லை மூழ்க வைத்தான். பொழுது சாயும்வரை தேங்காய் நாரால் தேய்த்தான். கல்லெங்கும் நுரை பொங்கியது. அழுக்குத்தான் கழன்று வருகிறது என்று சந்தோஷப்பட்டான், பாவி.

காலையில் ஹரோல்ட் லென்ஸ் வைத்துப் பார்த்தார். மாடசாமி எல்லாவற்றையும் சொன்னான்.

"எண்ணெயும் பாலும் ஒண்ணும் செஞ்சிருக்காதுலா, நாங்களே கழுவியிருப்போம். புளி கல்லையே தின்னுடும்ணே. மேல்தோலு போச்சு. மூணு வருச வேலை."

அவர் திட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். கல்லைத் துணியில் சுற்றினார், லாரியில் ஏறினார். வேலையைப் பற்றி அவர் பேசவில்லை, மாடசாமி லாரிக் கதவைச் சாத்திவிட்டு ஒதுங்கி நின்றான்.

தொழிலாளர் லயத்து வீட்டில் செல்லம் மூச்சு வாங்க வாங்கப் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"சார் வந்துட்டாராமே. எப்பங்க கெளம்புறோம்?"

மாடசாமி அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு சேலையாக எடுத்துக் கொடுத்தான்.