மடக்குக்கத்தியும் நேர்ச்சை ஆடும்

அந்தக் கத்தியை முதலில் கையில் எடுத்தபோது, இது என்னைவிட அதிக நாள் இருக்கும் என்று தோன்றியது. அப்போது நான் இருந்த இருப்பில் அது பெரிய பாராட்டு ஒன்றுமில்லை. வேலந்தாவளம் சந்தையில் தரையில் சாக்கை விரித்துப் பூட்டு, அரிவாள், லாடம் என்று இரும்புச் சாமான்களைப் பரப்பியிருந்தவரிடம் வாங்கினேன். மடக்கினால் உள்ளங்கைக்குள் அடங்கும். கறுத்த மரப்பிடி, அதில் மூன்று பித்தளை ஆணி, தடித்த அலகு. ஒரு சீமைக் கத்தியின் விலைக்கு இதில் நாலு வாங்கலாம்.

"உறுதிக்குக் கொறை இல்லீங்க. உங்க பேரன் காலத்துக்கும் வரும்," என்றார் கடைக்காரர். "இப்போ கொஞ்சம் இறுக்கமா இருக்கும். பழகப் பழகச் சரியாப் போயிருமுங்க."

அவரே திறந்து காட்டினார், அவரே மூடித் தந்தார். நான் திறந்து பார்க்கவில்லை. பாலக்காட்டில் கயிற்றுக்கடை வைத்திருப்பவன் நான். நாள் முழுக்கக் கயிறு அறுப்பதுதான் பிழைப்பு. அப்படிப்பட்டவன் ஒரு கத்தியைத் திறந்துகூடப் பார்க்காமல் வாங்கினான் என்றால், அவன் எவ்வளவு தூங்கியிருந்தான் என்பதைப் புரிந்துகொள்ளலாம்.

தூங்கி நாற்பது நாள் ஆகியிருந்தது. ஒன்பது வயது மகளுக்கு டைபாய்டு. இரவில் நானும் என் மனைவியும் மாறி மாறி உட்கார்ந்து நெற்றியில் ஈரத்துணி போட்டோம். முறை என்று பெயர்தான். ஒருவர் படுத்தாலும் இரண்டு பேருக்கும் கண் மூடாது. இருபதாம் நாள் காய்ச்சல் உச்சத்தில் இருந்தபோது மனைவி நேர்ச்சை வைத்தாள். பிள்ளை எழுந்து தன் காலால் நடந்தால் தர்காவுக்கு ஓர் ஆடு. நாற்பதாம் நாள் மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு நாலடி நடந்தாள். தலைமுடி கொத்துக் கொத்தாகப் போயிருந்தது, கால் இரண்டும் குச்சியாக இருந்தன, ஆனாலும் நடந்தாள்.

மறுநாளே மனைவி என்னை விரட்டினாள். "நேந்ததத் தள்ளிப் போடக் கூடாது. இந்த வெள்ளிக்கிழமைக்குள்ள ஆடு வந்தாகணும்" என்றாள். தள்ளிப் போட்டால் என்ன ஆகும் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பிள்ளை படுத்திருந்த திசையை இரண்டு பேரும் ஒருமுறை பார்த்துக்கொண்டோம்.

எருத்தேன்பதியில் எனக்குக் கயிறு வாடிக்கையான ஒரு விவசாயி கறுப்புக் கிடா ஒன்று வைத்திருந்தார். சந்தையில் கத்தியை வாங்கிக்கொண்டு அங்கே போய் ஆட்டைப் பிடித்தேன். பஸ்ஸில் ஏற்றலாம் என்று நினைத்தது என் முட்டாள்தனம். கண்டக்டர் ஆட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஆடு ஏறினா நான் எறங்கிக்குவேன்" என்றார். அவர் இறங்கியிருந்தால் எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை, ஆனால் வண்டியில் இருந்தவர்கள் எல்லாரும் அவர் பக்கம். நடந்தேன்.

அது மாநிலங்களைப் பிரிப்பதற்கு முந்திய காலம். சந்தையும் எருத்தேன்பதியும் இருந்த சித்தூர்ப் பக்கம் திருக்கொச்சி ராஜ்ஜியம், எங்கள் பாலக்காடு சென்னை ராஜ்ஜியம். ஓர் ஆட்டுக்காக நான் ராஜ்ஜியம் விட்டு ராஜ்ஜியம் போக வேண்டியிருந்தது. விடிகாலையில் பெய்த மழையில் மண் இன்னும் ஈரமாக இருந்தது. ஆடு பத்தடிக்கு ஒருமுறை நின்றது. அது நின்றபோதெல்லாம் நானும் நின்றேன், அதற்கு நன்றி சொல்லலாம் போல இருந்தது. ஒரு நிலக்கடலைக் காட்டு ஓரம் வேப்பமரம் ஒன்று வந்தது. ஆட்டுக் கயிற்றை என் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, ஒரு நிமிஷம் என்று உட்கார்ந்தேன்.

விழித்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. மணிக்கட்டில் கயிறு இல்லை. கயிற்றுக்கடைக்காரன் போட்ட முடிச்சு அவிழ்ந்து போயிருந்தது. ஆடு காட்டுக்குள் ஈரக் கடலைக்கொடியை வயிறு முட்டத் தின்றுவிட்டு, பக்கவாட்டில் விழுந்து கிடந்தது. இடப்பக்கம் வயிறு பானையாக உப்பியிருந்தது. நாக்கு வெளியே தொங்கியது. மூச்சு வருவதும் நிற்பதுமாக இருந்தது.

எனக்கு ஒன்றுதான் தோன்றியது. உயிர் இருக்கும்போதே பிஸ்மி சொல்லி அல்லா பேரால் அறுத்தால் அது கறி. அதற்குள் செத்துவிட்டால் எங்களுக்கு அது பிணம், தொடக்கூடாது. அறுத்துவிட்டால் கறியையாவது தர்காவுக்குச் சுமந்து போகலாம், நேர்ச்சை முடிந்தது என்று வீட்டில் சொல்லலாம். செத்த ஆட்டை விட்டுவிட்டு வெறுங்கையோடு போய் நின்றால் என் மனைவி அதை ஆடு செத்ததாக எடுத்துக்கொள்ள மாட்டாள். அன்று ராத்திரியே பிள்ளையின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்க ஆரம்பித்துவிடுவாள். உண்மையைச் சொன்னால், நானும் அப்படித்தான்.

கத்தியை எடுத்தேன். அது திறக்கவில்லை. அலகில் இருந்த பள்ளத்தில் நகத்தைக் கொடுத்து இழுத்தேன். நகம் பிய்ந்து ரத்தம் வந்ததே தவிர அலகு அசையவில்லை. பல்லால் இழுத்தேன். கல்லில் தட்டினேன். பேரன் காலத்துக்கு வரும் என்று அந்த மனுஷர் சொன்னது சத்தியம்தான். பேரன் காலத்தில்தான் அதைத் திறக்க முடியும் போலிருந்தது. ஆட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டு கத்தியோடு மல்லுக்கட்டினேன். பிஸ்மியை மூன்று முறை சொல்லிவிட்டேன், கத்திதான் வரவில்லை.

"ஏனுங்க, என்ன பண்றீங்க?"

காட்டுக்காரி. நாற்பது வயது இருக்கும், தலையில் புல்லுக்கட்டு. தின்ற கடலைக்கொடிக்குச் சண்டை பிடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் புல்லைப் போட்டுவிட்டு ஆட்டின் வயிற்றை இரண்டு விரலால் சுண்டிப் பார்த்தாள்.

"சாகப் போகுது. அதுக்கு முன்னால அறுத்துரலாம்னு..." என்றேன்.

"காத்து கட்டியிருக்குதுங்க, அவ்வளவுதான். இது சாகறதுக்கு இன்னும் நேரம் கெடக்குது. அதுக்குள்ள உங்களுக்கு என்னங்க அவசரம்?"

அவள் பக்கத்திலேயே இருந்த வீட்டுக்குப் போய் ஒரு சொம்பில் கடலையெண்ணெயும் ஒரு மூங்கில் குழாயும் கொண்டுவந்தாள். என் கையில் இருந்த கத்தியைப் பார்த்து, அதைக் கொடுங்கள் என்றாள். நீட்டினேன். வாங்கவில்லை.

"கத்தியக் கைக்குக் கை வாங்க மாட்டனுங்க, சண்டை வரும். கீழ வைங்க."

கீழே வைத்தேன். எடுத்தாள். அலகும் பிடியும் சேரும் இடத்தில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, அதை அப்படியே மடியில் செருகிக்கொண்டு ஆட்டைக் கவனித்தாள். நான் வாயைப் பிளந்து பிடித்தேன். அவள் குழாய் வழியாக எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினாள். பிறகு கத்தியைச் சேலைத் தலைப்பால் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தாள். டக்கென்று வந்தது. வேம்பில் விரல் தடிமனுக்கு ஒரு குச்சியை வெட்டி, ஆட்டின் வாய்க்குக் குறுக்கே கொடுத்து, கொம்புகளுக்குப் பின்னால் கயிற்றால் கட்டினாள். கசப்பை மென்று துப்பப் பார்த்தால் ஏப்பம் வரும் என்றாள். ஒரே வெட்டில் அவ்வளவு சுத்தமாக விழுந்த குச்சியைப் பார்த்து, நல்ல கத்திதான் என்று அந்த நேரத்திலும் நினைத்தேன்.

நான் வயிற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் ஆடு பெரிதாக ஓர் ஏப்பம் விட்டது, பிறகு இன்னொன்று. எழுந்து நின்றது. என்னைப் பார்த்தது. அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

"தின்ன கொடிக்கு..." என்று இழுத்தேன்.

"போங்க, ஊட்டுல ஆளு பாத்துட்டு இருப்பாங்க" என்று கத்தியை மடக்கிக் கீழே வைத்துவிட்டுப் புல்லுக்கட்டைத் தூக்கினாள்.

வெள்ளிக்கிழமை நேர்ச்சை முடிந்தது. தர்காவில் மோதினார் தன்னுடைய நீளக் கத்தியால் அறுத்தார். என் கத்தி ஜோப்பில் இருந்தது. காட்டில் பிழைத்த ஆடு மூன்றாம் நாள் போய்விட்டதே என்று வருத்தப்பட எனக்குத் தெம்பில்லை. "வழியில ஒண்ணும் ஆகலையே?" என்று மனைவி கேட்டபோது ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லியிருந்தேன். புதுக் கத்தி திறக்கமாட்டேன் என்று அடம்பிடித்தது, அதை மட்டும் சொன்னேன்.

அவளிடம் சொல்லாதது ஒன்று உண்டு. இருபதாம் நாள், அவள் நேர்ச்சை வைத்த அதே விடியற்காலை, நானும் அல்லாவிடம் ஒன்று கேட்டேன். கொடுப்பதானால் கொடு, எடுப்பதானால் எடு, எதுவானாலும் சீக்கிரம் முடி என்று கேட்டேன். அவ்வளவு அலுத்திருந்தேன். பெற்ற பிள்ளைக்கு அப்படிக் கேட்டதை நான் மறந்துவிட்டதாகவே நினைத்திருந்தேன். காட்டில் அந்த அம்மாள் என்ன அவசரம் என்று கேட்டபோது, அவள் ஆட்டைப் பற்றித்தான் கேட்டாள். என் காதில் அப்படி விழவில்லை.

பழம் தரலாம் என்று டாக்டர் சொன்ன அன்று மகளுக்கு ஒரு சாத்துக்குடி வாங்கிவந்தேன். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, என் ஜோப்பிலிருந்து கத்தியை எடுத்தாள். சோர்ந்த விரலால் அலகைத் தள்ளினாள். திறந்துகொண்டது.

"அத்தா, இது தொறக்கவே மாட்டேங்குதுன்னீங்களே. சும்மா வருதே."

"எண்ணெய் போட்டாச்சும்மா."

அவள் மெதுவாகத் தோலைக் கீறினாள். மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். ஒரு பழம் உரிக்க வெகுநேரம் ஆயிற்று. நான் வாங்கி உரித்துத் தரலாம் என்று கை போனது, இழுத்துக்கொண்டேன். உரித்து முடித்ததும் முதல் சுளையை எனக்குத்தான் நீட்டினாள். அவள் முகத்தைப் பார்க்காமல் வாங்கித் தின்றேன்.