கம்பியைக் கழற்றிய மகள்

என் அக்கா வீட்டுக்காரரின் மோட்டார்சைக்கிள் பட்டறைக்குப் பக்கத்திலேயே என் உதிரிபாகக் கடை. அதனால் அவருடைய ஸ்டெபிலைசர் பிரசங்கம் எனக்கு மனப்பாடம். பெரிய வண்டிகளில் இன்ஜின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கும். மேலும் கீழும் அதிரலாம். பக்கவாட்டில் ஆடக் கூடாது. அதற்காக இன்ஜினையும் சட்டத்தையும் இணைத்து ஒரு சாண் நீளக் கம்பி இருக்கும். அதுதான் ஸ்டெபிலைசர்.

"ஹேண்டில் அதிருதுண்ணே, அந்தக் கம்பியக் கழட்டிடுங்க" என்று யாராவது வாயைத் திறந்தால் தொலைந்தது.

"கழட்டுனா வளைவுல வண்டி வாலாட்டும். உன் கை சரியில்ல, கம்பி மேல பழி போடாத" என்று அத்தான் பொரிந்து தள்ளுவார். எத்தனை வருஷமாக இதே பாட்டு! எனக்குக் காது புளித்துவிட்டது. அவருக்கே 'கம்பி' என்று பேர் வைத்துவிட்டார்கள்.

போன வாரம் அவர் மகள் முழங்கைச் சிராய்ப்போடு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். தினமும் நாற்பது கிலோமீட்டர் ஓட்டி வேலைக்குப் போகிறவள்.

"வளைவுல ஆடிடுச்சு மாமா. லாரிக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தேன்" என்றாள் என்னிடம்.

அத்தான் குனிந்து பார்த்தார். கம்பியைக் காணோம்.

"யார் கழட்டுனது?"

"நான்தான். வீட்டுக்கு வர்றதுக்குள்ள விரல் மரத்துப்போகுதுன்னு மூணு தடவ சொன்னேன். நீங்க என் கையத்தான் குறை சொன்னீங்க."

அவர் கத்திய கத்தலில் தெருவே எட்டிப் பார்த்தது. கோபம் பாதி, பயம் பாதி. இன்ஜினுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து வண்டியைத் தூக்கினார். இடுப்பு வலி வந்த நாளிலிருந்து எல்லா வண்டிக்கும் அப்படித்தான். மகள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த கம்பியை வைத்து, போல்ட்டைச் சுத்தியலால் தட்டினார்.

"ஏம்ப்பா அடிக்கிறீங்க? கையால போகாதா?"

"எப்பவும் அடிச்சுத்தான் போகும்."

"ஜாக்கிய எறக்கிட்டு மாட்டுங்க."

முணுமுணுத்துக்கொண்டே இறக்கினார். சக்கரம் தரையில் நின்றதும் இன்ஜின் தானாக ஒரு விரற்கடை நகர்ந்து உட்கார்ந்தது. கம்பியின் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் மறையை இரண்டு சுற்றுத் திருகினார். போல்ட் கையாலேயே உள்ளே போனது. வண்டியைக் கிளப்பினால் ஹேண்டிலில் அதிர்வே இல்லை.

ஆக, ஜாக்கியில் ஏறி இடம் மாறி நிற்கிற இன்ஜினை அப்படியே இழுத்துக் கட்டி, அதிர்வை ஹேண்டிலுக்கு அனுப்பியது இவர்தான். சொல்ல வந்தவர்களை விரட்டியதும் இவரேதான். தினமும் பக்கத்தில் நின்று பார்த்த எனக்கும் உறைக்கவில்லையே என்று எனக்கு என் மேலேயே எரிச்சல்.

மகள் காயத்துக்குத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்தபடியே அத்தான், ஹேண்டில் அதிருதுன்னு சொல்லித் திட்டு வாங்கிப் போன ஒரு பழைய வாடிக்கையாளருக்குப் போன் போட்டார்.

"திட்டாதீங்கண்ணே, கம்பியக் கழட்டி ஆறு மாசமாச்சு" என்றது போன்.

அத்தான் திட்டவில்லை. "வண்டிய எடுக்காத. நானே வர்றேன்" என்று சொல்லிவிட்டு, ஜாக்கியை விட்டுவிட்டு ஸ்பானரை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்.