இரண்டு உலக்கைக்கு ஒரு சொல்

சாக்கில் இறுக்கிக் கட்டிய, பேதி மருந்துக்கான நிலாவரை இலையின் கசப்பு வாசனை எங்கே அடித்தாலும் இன்றும் எனக்கு அண்ணனின் சட்டைதான் நினைவுக்கு வரும். தூத்துக்குடியில் கப்பல் கம்பெனி ஒன்றின் கிட்டங்கியில் அந்த இலை மூட்டைகளுக்கு மைக்குறி போட்டுக்கொண்டிருந்தான். வாயைத் திறக்கத் தேவையில்லாத வேலை. திக்குவாய்க்காரனுக்கு அதைவிட என்ன வேண்டும்?

யுத்தம் முடிந்த சமயம் ஆள்குறைப்பு வந்தது. தோணியில் போய்க் கப்பலடியில் நின்று, மேலே ஏறும் மூட்டை எந்த ரகமென்று வெள்ளைக்கார அதிகாரிக்குக் கூவிச் சொல்கிற இடம் மட்டும்தான் காலி என்று மானேஜர் சொல்லிவிட்டார். அப்பா இல்லாத வீடு. அண்ணன் சம்பளத்தில்தான் உலை கொதித்தது. ரகத்தின் பெயரெல்லாம் இங்கிலீஷில். வெயிலில் உலர்ந்த இலை ‘சன்-டிரைட்’. கையால் பொறுக்கியது ‘ஹேண்ட்-பிக்ட்’. தனிச்சொல் அவனுக்கு எப்படியோ வந்துவிடும். இரண்டு சொல் ஒட்டி வந்தால் முதல் பாதியைச் சொல்லிவிட்டு அடுத்ததன் வாசலிலேயே நின்றுவிடுவான். அதைப் பார்க்க எனக்குத் தாங்காது.

அம்மாவும் நானும் எதிரெதிரே நின்று ஒரே உரலில் நெல் குத்துவோம், உலக்கை மாற்றி உலக்கை. ஒருநாள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, என் குத்துக்கு ‘சன்’, அம்மா குத்துக்கு ‘டிரைட்’ என்று சொல்லிப் பார்த்தான். தடங்கலில்லாமல் வந்தது. ‘டி-ரை-டு’ என்று உடைக்கக் கூடாது, ஒரே குத்து. ‘பிக்ட்’டும் அப்படியே என்று எங்களுக்கே பாடம் நடத்தினான். நனைந்து கறைபட்ட மூட்டைக்கு ‘வாட்டர்-ஸ்டெயின்ட்’. அதில் மூன்று அசை. என் குத்தில் தொடங்கினால் அடுத்த தடவை அம்மா குத்தில் தொடங்கும். முறை குழம்பி உலக்கையோடு உலக்கை மோதும்.

“ஏலே, நனைஞ்ச மூட்டைய ஏத்தவே வேண்டாம்னு சொல்லிரு,” என்றாள் அம்மா.

புது வேலையின் முதல் நாள் தோணியில் அண்ணனுக்கு வாய் அடைத்துக்கொண்டதாம். முதல் மூட்டையைப் பிடித்தபடி ஆட்கள் காத்திருக்கிறார்கள். மேலே அதிகாரி கையை ஆட்டுகிறார். அண்ணன் கண்ணை மூடி, உரலை நினைத்துக்கொண்டு கத்தினான். சொல் முழுசாக வந்தது. கூடவே, உலக்கை இறங்கும்போது அம்மா விடுகிற மூச்சும் நடுவில் வந்துவிட்டது. ‘சன் – உஸ் – டிரைட்.’ சிரிப்பார்கள் என்று நினைத்தானாம். ஆனால் மூட்டையை வலையில் தூக்கிப் போட அந்த மூச்சு தோதாக இருக்கவே, எல்லோரும் சேர்ந்து ‘உஸ்’ போட்டார்கள். சாயங்காலத்துக்குள் அதிகாரியும் அப்படியே திருப்பிச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். நாளைக்கும் வரச் சொல்லிவிட்டாராம்.

இதை எங்களிடம் சொல்லி முடிக்க அவனுக்கு வெகுநேரம் ஆயிற்று. நாங்கள் குறுக்கே பேசவில்லை. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

“ஏளா, எம் மூச்சையும்லா கப்பல்ல ஏத்தி விட்டுட்டு வந்திருக்கான்.”